வேலியில்லாத வளவில் பயிற்சி

அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டுத்திட்டத்தில் எங்களுக்கு ஒரு சின்னக் கல்வீடு கிடைத்தது. கிணற்றுக்குத் தூரமாக இருக்க வேண்டும் என்று கக்கூசை வளவின் பின்மூலையில் கொண்டுபோய்க் கட்டினார்கள். வேலி அவர்களுடைய திட்டத்தில் இல்லை. அடைப்பதற்கு என் கணவரிடம் தெம்பும் இல்லை. அதனால் முசலிப் பக்கத்துக் கரையில் எங்கள் வீட்டில் யார் குளித்தாலும் யார் கக்கூசுக்குப் போனாலும் ஊருக்குத் தெரியும்.

இவருக்கு வந்தது புரோஸ்டேட் கான்சர். ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பியில் தொடங்கி, கண்டுபிடிக்கும்போது இடுப்பெலும்புக்கும் போய்விட்டிருந்தது. மாற்ற முடியாது, தள்ளிப்போடலாம் என்று டொக்டர் சொன்னார். அதற்கு ஓர் ஊசி. ஆண் உடம்பில் ஊறுகிற ஹோர்மோனை அந்த ஊசி நிறுத்திவிடும் என்று அவர் விளங்கப்படுத்தியபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியான கதைகளை நான் யாரோடும் கதைத்தவளில்லை.

சில மாதங்களில் இவருடைய தாடி மயிர் குறைந்தது. திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வேர்த்துக் கொட்டும். தீட்டு நிற்கிற வயதில் எனக்கு வந்தது போலவே இவருக்கும் வந்தது. பிறகு பெண்களுக்குப் போல நெஞ்சு வைத்தது. அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் சட்டை போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித் தருகிற பெண்பிள்ளை ஒருத்தி இருந்தாள். கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்பித் திரும்ப இருக்க வேண்டும், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்த வேண்டும் என்று செய்து காட்டினாள். கதவு நிலையில் கட்டி இழுப்பதற்கு ஒரு றப்பர் பட்டியும் தந்தாள்.

“ஊசியால தசை கரையும் ஐயா. அசைஞ்சுகொண்டிருந்தாத்தான் கால் நிக்கும். ஆனா பாரம் இழுக்கக் கூடாது, எலும்பு தாங்காது.”

“இதால வருத்தம் மாறுமோ பிள்ளை?”

“மாறாது ஐயா. ஆனா உங்கட அலுவலை நீங்களே பார்க்கலாம்.”

“கக்கூசுக்கு நானாப் போகலாமோ?”

“அதுக்குத்தான் ஐயா இவ்வளவும்.”

வரும்போது பஸ்ஸில் என்னிடம் சொன்னார்: “கடைசிவரைக்கும் நான் என்ர காலிலதான் போவன். அதுக்கு மட்டும் உன்னைக் கூப்பிட மாட்டன்.” வேறொன்றும் அவர் ஆசைப்படவில்லை.

வீட்டுக்குள் வெக்கை. கதிரையைப் பின்வாசல் நிழலில் வைத்து அங்கேயே எழும்பினார், இருந்தார், பட்டியை இழுத்தார். அடுத்த வளவுப் பெண் கிணற்றடியில் நின்று கேட்பாள்:

“என்னக்கா, அண்ணையை ஆமிக்கு எடுக்கப் போறாங்களே?”

இவர் சிரிப்பார். நான் உள்ளே போய்விடுவேன். ஆனாலும் பலன் இருந்தது. அதுவரை ஊன்றி நடந்த பொல்லை மூலையில் சாத்திவிட்டுப் பின்மூலைக்கு நடந்து போய்வந்தார்.

இவர் முந்திக் கரைவலை இழுத்தவர். வலையில் நின்ற ஒருவர் நோயில் படுத்துவிட்டால், வலைக்காரச் சம்மாட்டி அவர் வீட்டுக்கு ஒரு கூறு மீன் அனுப்புவது எங்கள் கரையின் வழக்கம். கேட்டு வாங்குவதில்லை, தானாக வரும். ஆனால் படுத்தவருக்குத்தான் அது. எழும்பி நடப்பவருக்கு இல்லை. எங்கள் ஆட்களுக்கு வருத்தக்காரர் என்றால் பாயில் கிடக்க வேண்டும். படுக்காமல் இருக்கப் பயிற்சி செய்கிற வருத்தக்காரரை அவர்கள் கண்டதில்லை.

எங்களுக்கும் அப்படி வந்துகொண்டிருந்த மீன் நின்றது. அடுத்த வளவுப் பெண்தான் காரணம் சொன்னாள். அவளுடைய புருசனும் அந்த வலையில் நிற்கிறவன்.

“குறை நினையாதேங்கோ அக்கா. வீட்டில கயிறு இழுக்கிறவர் கரையில வந்து இழுக்கட்டாம் எண்டு சம்மாட்டியார் சொன்னவராம்.”

“அது றப்பர்” என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் உள்ளே இருந்த இவருக்கு எல்லாம் கேட்டுவிட்டது.

அடுத்த நாள் விடிய, நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் கரைக்குப் போனார். நான் தேத்தண்ணிப் போத்தலோடு பின்னால் போய், மீன் பொறுக்க வந்த பெண்களோடு நின்றேன். வலை இழுப்பவர்கள் எல்லோரும் வெறும் மேல். இவர் மட்டும் சட்டையோடு. சம்மாட்டி இவரைப் பார்த்துவிட்டு, “நீ பின்னால நிண்டு கயிறைச் சுருட்டு, காணும்” என்றார். இழுக்க ஏலாத கிழவர்களை நிறுத்துகிற இடம் அது. இவர் சுருட்டினார்.

வலை கிட்ட வந்ததும் எல்லோரும் தண்ணீருக்குள் இறங்கினார்கள். ஒருவன் திரும்பிக் கூப்பிட்டான்:

“அண்ணை, சட்டையைக் கழட்டிப்போட்டு இறங்குங்கோவன்! என்ன, கலியாண மாப்பிள்ளையோ?”

“அவர் எப்பிடிக் கழட்டுவார்?” என்றான் பக்கத்தில் நின்றவன். “ஊசி போட்டு அண்ணை அக்காவா மாறிட்டார்.”

கரை முழுக்கச் சிரித்தது. என்னோடு நின்ற பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சம்மாட்டி அவனை ஏசினார், ஆனால் சிரித்து முடித்த பிறகுதான் ஏசினார். யாரும் போய் அவர்களுக்குச் சொல்லியிருக்கத் தேவையில்லை. கிணற்றடியில் இவர் குளிப்பதைப் பார்த்திருப்பார்கள்.

இவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். மத்தியானம் யாரோ மீன் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனார்கள். வேறு கறி இல்லை. அதைத்தான் காய்ச்சினேன்.

அதோடு பயிற்சி முடிந்தது. “ஊர் பார்க்க நான் இனி ஆட மாட்டன்” என்றார். பழைய சேலைகளைத் தடியில் கட்டிப் பின்வாசலை மறைத்தேன். கதிரையை உள்ளே இழுத்துப்போட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கெஞ்சினேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பார்க்க வந்தவர்கள், “இப்பத்தான் பாவம், ஆறுதலாக் கிடக்கிறார்” என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். பிஸ்கற் பெட்டிகளும் கொண்டுவந்தார்கள். தொடையில் இருந்த சதை எங்கே போனதென்று தெரியவில்லை. பொல்லு இருந்தும் பின்மூலை தூரமாகிக்கொண்டே போனது.

அடுத்த ஊசிக்குப் போனபோது அந்தப் பிள்ளை, “பயிற்சி செய்யிறீங்களோ ஐயா?” என்று கேட்டாள்.

“ஓம் பிள்ளை, ஒவ்வொரு நாளும்” என்றார் இவர், என் முகத்தைப் பார்க்காமல். அவள் காலைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு விளங்கியிருக்கும்.

ஆஸ்பத்திரி நீள வாங்கில் இருந்து காத்திருக்கும்போது இவருக்கு அவசரம் வந்தது. பொல்லை ஊன்றி எழும்பப் பார்த்தார், இருந்துவிட்டார். மறுபடி பார்த்தார், இருந்துவிட்டார். அப்போதும் என்னைக் கூப்பிடவில்லை. நான்தான் இடுப்பைச் சுற்றிப் பிடித்துத் தூக்கினேன். அவ்வளவு சனத்துக்கு நடுவில் அவரை அப்படி நான் தொட்டதேயில்லை.

ஆண்களின் கக்கூசு வாசலில் ஒருவர் மறித்தார். “அம்மா, இது ஆம்பிளையளின்ர.”

“தெரியும் தம்பி. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ.”

உள்ளே நின்றவர்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இவருடைய சாரத்தை நான் அவிழ்த்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடியபடி நின்றார். முடிந்த பிறகும் திறக்கவில்லை.