ரெண்டு பாயின்ட் பெஷெக்

நெப்ராஸ்காவின் அந்தச் சோளக்காட்டு ஊரில் வெர்லின் பெஷெக்கை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ரெண்டு பாயின்ட்" என்றுதான் கூப்பிடுவார்கள். சர்ச் பாதிரியாருக்கும் அவர் அப்படித்தான். பள்ளியில் பூகோள வாத்தியார். இலையுதிர்காலம் வந்தால் அமெரிக்கக் கால்பந்து அணியின் கோச்.

அந்தப் பெயர் வந்து பத்தொன்பது வருடமாகிறது. மாவட்ட இறுதி ஆட்டம். கடைசி நொடிகளில் அவருடைய பையன்கள் டச் டவுன் போட்டு ஆறு பாயின்ட் எடுத்தும் ஒரு பாயின்ட் குறைந்தது. அடுத்து, பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஒரு பாயின்ட். ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போகும். உதைக்காமல், மூன்று கஜத்திலிருந்து பந்தை எல்லைக்குள் கொண்டுபோனால் இரண்டு பாயின்ட், வெற்றி. வழியில் மடக்கிவிட்டால் தோல்வி. எந்தக் கோச்சும் உதைக்கத்தான் சொல்வார். பெஷெக் ஓடச் சொன்னார். ஜெயித்தார்கள். ஊர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது.

அன்று உதைக்க வேண்டிய பையனுக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. பெஷெக்குக்கு வேறு வழியே இருக்கவில்லை. இது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். பையன் ராணுவத்தில் சேர்ந்து அலாஸ்காவிலேயே தங்கிவிட்டான். மறுநாளே பெஷெக் சொல்லியிருக்கலாம். எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். சொல்லவில்லை.

அதிலிருந்து ஆட்டம் இழுபறியானால் போதும், கூட்டம் மொத்தமும் இரண்டு விரலைத் தூக்கிவிடும். அவரும் தூக்குவார். இரண்டு தடவை பலித்தது. ஆறு தடவை கவிழ்ந்தது. கவிழ்ந்ததை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

போன அக்டோபரில் மறுபடியும் அதே நிலைமை. பக்கத்து ஊருடன் ஆட்டம், டச் டவுன் போட்டும் ஒரு பாயின்ட் குறைவு, ஒன்பது நொடி பாக்கி. இந்த முறை உதைக்க ஜோலின் ராட்கி இருந்தாள். அந்தப் பருவத்தில் முப்பத்தொரு உதை, ஒன்றுகூடத் தவறியதில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உதைக்கச் சொல்லுங்க கோச்," என்றார் உதவிக் கோச் கர்ட். "அவங்க முன்வரிசை மலை மாதிரி நிக்குது. ஓடினா நசுங்கிருவோம். அவங்க ஆட்டத்தை நடத்துற குவார்ட்டர்பேக் முட்டி போய் உக்காந்திருக்கான். கூடுதல் நேரம் போனா ஆட்டம் நம்மளோடதுதான்."

அத்தனையும் பெஷெக்குக்குத் தெரியும். ஆனால் முதுகுக்குப் பின்னால் "ரெண்டு! ரெண்டு!" என்று கேலரியின் மரப்பலகைகள் அதிர்ந்தன. வேலியில் சாய்ந்திருந்த டிராக்டர் வியாபாரி எல்டன் கத்தினார்: "யோவ் ரெண்டு பாயின்ட், என்னய்யா யோசனை? வயசாயிடுச்சா?"

பெஷெக்கின் கை மேலே போனது. இரண்டு விரல்.

பந்தை எடுத்து ஓடிய பையனை அரை கஜம் பாக்கியிருக்கும்போதே நான்கு பேர் அமுக்கிவிட்டார்கள்.

யாரும் திட்டவில்லை. "தோத்தாலும் கெத்தாத் தோத்தோம்யா!" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். அவருக்கு முதுகு கூசியது.

சாமான் அறையில் ஜோலின் காத்திருந்தாள். "கோச், என் மேல நம்பிக்கை இல்லையா?"

"இருந்துச்சும்மா. நீ உதைச்சிருந்தா கம்பத்துக்கு நடுவுல போயிருக்கும்."

"அப்புறம் ஏன்?"

"ஊர்க்காரங்களுக்குப் பயந்துட்டேன்."

பழைய கணுக்கால் கதையையும் சொன்னார். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் முகம் இளகவில்லை.

"இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம் கோச்? அவங்ககிட்ட சொல்லுங்க."

மறுநாள் காலை காபிக் கடையில் எட்டுப் பேர் முன்னால் சொன்னார். எல்டன் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "பாருங்கய்யா இவன் அடக்கத்தை!"

"அடக்கம் இல்ல எல்டன். உதைக்க ஆள் இல்லாமத்தான் அன்னைக்கு ஓடச் சொன்னேன். எனக்கு அந்த தைரியமே கிடையாது."

"நிஜமான தைரியசாலி இப்படித்தான்யா பேசுவான்!"

கடைக்காரம்மா அவர் முன்னால் ஒரு துண்டு ஆப்பிள் பை பலகாரம் வைத்தாள். காசு வேண்டாம் என்றாள். அவர் அதைத் தின்று முடிக்கும்வரை எட்டுப் பேரும் பழைய ஆட்டத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் மனைவி மார்லிஸ் கேட்டாள்: "நேத்து உதைச்சுத் தோத்திருந்தா?"

"வேலையை விட்டுத் தூக்கியிருப்பாங்க."

"தூக்கியிருக்கட்டுமே," என்றாள் அவள்.

டிசம்பரில் பள்ளி நிர்வாகம் ஒருமனதாக அவருக்கு இன்னும் மூன்று வருடம் நீட்டித்தது. கைதட்டினார்கள், பேனாவை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டார்.

அடுத்த பருவத்துக்கு ஜோலின் பெயர் கொடுக்கவில்லை. வாலிபால் ஆடப் போய்விட்டாள். அணியில் உதைக்க ஆள் இல்லையே என்று ஊரில் ஒருவர்கூடக் கவலைப்படவில்லை.