பெரம்பலூர், அரியலூர், ஒரு சிங்கப்பூர் மீட்டர்

சர்க்கரை நோயோடு ஊர் சுற்றுகிறவர்களுக்கான வலைப்பூ இது என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். இந்த முறை பெரம்பலூர், அரியலூர் பக்கம். தை மாதக் கடைசியில் மூன்று நாள். கரைவெட்டி ஏரிக்கு வெளிநாட்டுப் பறவைகள் வந்திருக்கும் காலம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் மேரி. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி, ஏலாக்குறிச்சிக்காரி, இப்போது திருமானூரில் வீடு. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுக்கும் சர்க்கரை. "வந்து தொலைடி, ரெண்டு பேரும் சேந்து பத்தியம் இருப்போம்" என்று வருடா வருடம் கூப்பிடுவாள்.

சென்னையில் காலை ஆறு மணிக்குப் பஸ். விழுப்புரம் தாண்டியதும் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டேன். திடீரென்று போன் அலறியது. என் கையில் ஒட்டியிருக்கும் சென்சார், சர்க்கரை 58 என்று செய்தி அனுப்பியிருந்தது. கண்டக்டர் ஓடி வந்து, "என்னாச்சும்மா, தண்ணி வேணுமா?" என்றார். மிட்டாயைப் பிரித்துக்கொண்டே விரலில் குத்தி மீட்டரில் பார்த்தேன். 131. சென்சார் உள்ள கையை அழுத்திப் படுத்தால் அது சில சமயம் இப்படிக் குறைத்துக் காட்டும். மிட்டாயை மடித்துத் திரும்பப் பையில் வைத்தேன். ஜன்னலோரம் கிடைத்தால் சென்சார் இல்லாத கை ஜன்னல் பக்கம் வருவதுபோல் உட்காருங்கள்.

பெரம்பலூரில் பன்னிரண்டு மணிக்கு இறங்கி, லாட்ஜில் அறை எடுத்தேன். சாயங்காலம் டவுன் பஸ்ஸில் வாலிகண்டபுரம், சுமார் பதினைந்து கிலோமீட்டர். சிவன் கோயிலில் கூட்டமே இல்லை. தூண்களை நிதானமாகப் பார்க்கலாம், ஆனால் நாலு மணிக்கு மேல் போங்கள். நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும். மறுநாள் காலை அரியலூருக்கு ஒரு மணி நேரம், அங்கே பஸ் மாறித் திருமானூருக்கு இன்னொரு மணி நேரம். வழியெல்லாம் சிமெண்ட் லாரிகள். திருமானூரை நெருங்கியதும் கரும்பும் நெல்லும் வந்து கண்ணைக் கழுவிவிடுகின்றன.

மேரி வாசலுக்கு வந்தபோது லேசாக நொண்டினாள். கால் விரலில் துணி சுற்றியிருந்தது. "செருப்பு கடிச்சிருச்சு. காஞ்சிரும்" என்றாள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் இரண்டு பேரும் சர்க்கரை பார்க்க உட்கார்ந்தோம். அவளுடைய மீட்டர் புதுசு. சிங்கப்பூரில் இருக்கும் மகன் இரண்டு மாதம் முன்பு லீவில் வந்தபோது கொண்டுவந்தது. விரலில் குத்தி ரத்தம் வைத்து, "நூத்தி நாப்பத்தொம்பது. பாரு, இது வந்ததுலேருந்து எனக்கு எல்லாம் நார்மல். ராத்திரி ஊசியவே நிறுத்திட்டேன்" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். திரையில் இருந்தது 14.9. நம் நாட்டில் சர்க்கரையை மில்லிகிராம் கணக்கில் சொல்கிறோம். சிங்கப்பூரில் மில்லிமோல் கணக்கு. அந்த எண்ணைப் பதினெட்டால் பெருக்கினால்தான் நம்முடைய எண் வரும். மேரியோ புள்ளியை விட்டுவிட்டுப் படித்திருக்கிறாள். டாக்டர் சொல்லும் எண்களெல்லாம் மூன்று இலக்கம், ஆகவே இதுவும் மூன்று இலக்கமாகத்தான் இருக்கவேண்டும் என்பது அவள் தர்க்கம். மகனுக்குப் போனில் 149 என்று சொல்வாள். அவனும் சந்தோஷப்பட்டு வைத்துவிடுவான்.

என் மீட்டரில் அவளுக்குப் பார்த்தேன். 270. மேரி ஒத்துக்கொள்ளவில்லை. "பஸ்ஸுல பொய் சொன்ன மெஷின வெச்சுக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்கிறியா? இது சிங்கப்பூர் சாமான்டி." பொய் சொன்னது சென்சார், இது மீட்டர் என்று கத்தினேன். அவளும் கத்தினாள். காலையில் லேப்பில் பார்ப்பது என்று முடிவானது.

ஆகவே, கரைவெட்டிக்கு நான் போகவில்லை. பறவைகளைப் பற்றி இங்கே எழுத எதுவுமில்லை, மன்னியுங்கள். மூன்றாம் நாள் வெறும் வயிற்றோடு அரியலூர் லேப்பில் இருந்தோம். ரத்தம் கொடுத்த கையோடு மேரி தன் மீட்டரிலும் பார்த்துக்கொண்டாள். 13.2. லேப் முடிவு 238. அவள் ஒரு நிமிடம் கண்ணை மூடினாள். "பதிமூணு புள்ளி ரெண்டு, இன்ட்டு பதினெட்டு... எரநூத்தி முப்பத்தேழு புள்ளி ஆறு" என்றாள். முடிவுச் சீட்டை எடுத்துக்கொண்டு நேரே டாக்டரிடம் போனோம்.

டாக்டர் அவள் காலில் இருந்த துணியை அவிழ்த்தார். விரல் கறுத்திருந்தது. "ராத்திரி ஊசிய நிறுத்தச் சொன்னது யாரும்மா?" என்று கேட்டார். "மெஷினு" என்றாள் மேரி. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

மருந்துக்கடையில் அந்த மீட்டரைக் காட்டி, மில்லிகிராம் கணக்குக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். "முடியாதுங்க மேடம். கம்பெனியிலயே லாக் பண்ணிருவாங்க" என்றார் கடைக்காரர். மாற்றும் வசதி சில மீட்டர்களில் முன்பு இருந்தது. தெரியாமல் மாற்றி வைத்துக்கொண்டு ஆட்கள் ஆபத்தில் சிக்கியதால்தான் பூட்டினார்கள். பாதுகாப்புக்குப் போட்ட பூட்டு, பெட்டியில் கடல் தாண்டி வந்ததும் பொறியாகிவிட்டது.

இத்தனைக்கும் அந்த மீட்டர் பொய் சொல்லவே இல்லை. எந்தச் சோதனை வைத்தாலும் தேறியிருக்கும். கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்க விதி இருக்கிறது. அதை ஒரு மனுஷி எப்படிப் படிப்பாள் என்று யார் பார்க்கிறார்கள்? அதற்காகப் புதுக் கருவியெல்லாம் வேண்டாம், எல்லாவற்றையும் கட்டிப் போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். இந்த சென்சார் வராமலிருந்தால் நான் தனியாகப் பஸ் ஏறியிருக்கவே மாட்டேன். கேட்பது ஒன்றுதான். எந்த நாட்டு மீட்டரானாலும் எண்ணுக்குப் பக்கத்தில் அது மில்லிகிராமா மில்லிமோலா என்பதையும் அதே பெரிய எழுத்தில் காட்டட்டும், பதிவுகளை எந்த டாக்டரும் படிக்கிற ஒரே வடிவத்தில் கொடுக்கட்டும். மேரியின் இரண்டு மாதக் கணக்கை அந்த டாக்டர் பட்டனை அமுக்கி அமுக்கி, ஒவ்வொன்றாகப் பெருக்கிப் பார்த்தார்.

போகிறவர்களுக்கு: பறவைக்குத் தை, மாசி நல்லது. திருமானூரிலிருந்து கரைவெட்டிக்கு ஆட்டோவில் போக வர ஐந்நூறு ரூபாய் கேட்டார்கள், முன்பே பேசிக்கொள்ளுங்கள். சென்சார் இருந்தாலும் மீட்டரைக் கையோடு கொண்டுபோங்கள். இன்சுலினை வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மீட்டர் வீட்டில் இருந்தால், எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

நேற்று மேரி போன் செய்தாள். "வெரல எடுத்துட்டாங்கடி. ஒண்ணுதான். காலு இருக்கு." இதை எழுதலாமா, பெயரை மாற்றிவிடவா என்று கேட்டேன்.

"எதுக்கு மாத்துற? கணக்கு டீச்சரு மேரின்னே போடு. நானே தப்பு பண்ணிட்டேன்னு தெரிஞ்சாத்தான் மத்தவங்க வெக்கப்படாம அவங்க மெஷின எடுத்துப் பாப்பாங்க" என்றாள்.

போட்டுவிட்டேன்.