சோற்றுக்குள் ஒரு இறைச்சித் துண்டு

வாப்பா மௌத்தாகி, அவர் இல்லாமல் வந்த முதல் பெருநாள். உம்மா சஹன் தட்டை நடுவில் வைத்ததும் நெய்ச்சோற்று மணம் எழுந்தது. அந்த மணத்தில் எனக்கு மீண்டும் எட்டு வயதாகிவிட்டது.

அந்த ஒரே பெரிய தட்டைச் சுற்றித்தான் நாங்கள் ஐந்து பேரும் உண்போம். வாப்பா தன் பங்கு இறைச்சியை எங்களில் ஒருவரின் பக்கத்துச் சோற்றுக்குள் ஒளித்துவிட்டு, "எண்ட இறைச்சிய ஆரு களவெடுத்த?" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவார். சிரித்துச் சிரித்து எங்களுக்குப் புரையேறும்.

"சோத்தோட என்ன விளையாட்டு?" என்று உம்மா மட்டும் ஏசுவார்.

தன் பங்கை வாப்பா தின்று நான் கண்டதேயில்லை.

இன்று என் பக்கத்துச் சோற்றைக் கிளறினேன். அடியில் ஒரு துண்டு இறைச்சி கிடந்தது. நிமிர்ந்தேன். உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெல்லக் கேட்டார்.

"எண்ட இறைச்சிய ஆரு களவெடுத்த?"