வள்ளம் போன பின்னேரம்

போன வருடம் கோடை விடுமுறையில் நடந்தது இது. ஒஸ்லோவில் பியோர்ண்டாலில்தான் எங்கள் வீடு. அங்கிருந்து காரில் முக்கால் மணி நேரம் போனால் காட்டுக்குள் ஓர் ஏரி. கனோ என்கிற ஒடுங்கிய வள்ளத்தை வலித்துக்கொண்டு போய், நடுவிலுள்ள குட்டித் தீவில் கூடாரம் அடித்து ஓரிரவு தங்குவது என்பது திட்டம்.

திட்டம் போட்டவர் என் கணவர். மகளின் வகுப்பில் எல்லாரும் இப்படித்தான் போகிறார்களாம். நாங்கள் மட்டும்தான் லண்டனுக்குக் கலியாண வீடுகளுக்குப் போகிறோமாம். புறப்படும் நாள் காலையில், உடன் வேலை செய்பவருக்குச் சுகமில்லை என்று அவரைப் பஸ் ஓட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். "நீர் சமாளிப்பீர்" என்று சொல்லிவிட்டுச் சீருடையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஏழு வயது மகளும் நாலு வயது மகனும் மிதவை அங்கியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்து திரிகிறார்கள். நான் எப்படி இல்லை என்பது?

கரையிலிருந்து தீவுக்குக் கால் மணி நேரத் தூரம், எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. நான் ஒரு பக்கம் துடுப்புப் போட்டால் வள்ளம் மறுபக்கம் திரும்பியது. மகனுக்கு மூன்று தரம் மூத்திரம் வந்தது, மூன்று தரமும் நடு ஏரியில். தீவில் கரை தட்டியதும் பொறுக்காமல் குதித்து, முழங்கால் தண்ணீரில் குப்புற விழுந்தான். அவனைத் தூக்கி நிறுத்திவிட்டு, "பிள்ளை, வள்ளத்தைக் கட்டும்" என்று மகளிடம் சொன்னேன். பிறகு அவனுக்கு உடுப்பு மாற்றி, கூடாரக் கம்பிகளோடு மல்லுக்கட்டி, கடிக்கிற நுளம்பு அடித்து... போதும் போதும் என்றாகிவிட்டது.

சாப்பாட்டுப் பையை எடுக்கப் போனால், வள்ளத்தைக் காணவில்லை. அது நடு ஏரியில் காற்றோடு தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. புட்டும் கோழிக்கறியும், துடுப்புகளும், என் போனும் அதற்குள். எனக்கு நீந்தவும் தெரியாது.

அன்று காலையிலிருந்து சேர்ந்த எரிச்சல் முழுவதையும் மகளின் தலையில் கொட்டினேன். "ஒரு வேலை சொன்னா ஒழுங்காச் செய்யமாட்டியோ? உன்னாலை இப்ப என்ன நடந்திருக்குப் பார்!" அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் விடவில்லை. கணவர் மேலிருந்த கோபம், நுளம்பு மேலிருந்த கோபம், எல்லாம் அவளுக்குத்தான் போனது.

கத்திக் களைத்துக் கல்லில் உட்கார்ந்தேன். மகன் அழுதுகொண்டிருந்தான். சத்தமில்லாமல் மகள் தண்ணீருக்குள் இறங்கியிருந்ததை நிமிர்ந்தபோதுதான் கண்டேன். இடுப்பளவுக்குப் போய்விட்டாள். சப்பாத்தோடு ஓடிப்போய் அங்கியைப் பிடித்து இழுத்தேன்.

"விடுங்கோ அம்மா. நான் நீந்திப் போய் எடுத்துக்கொண்டு வாறன். நீங்கள் கோவிக்காதேங்கோ."

அந்த ஏரித் தண்ணீர் கோடையிலும் கால் விறைக்கிற தண்ணீர். அவள் பள்ளிக்கூட நீச்சல் தடாகத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீந்தப் பழகியவள், அவ்வளவுதான். அவளைக் கரையேற்றி மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவளே தன் அங்கியில் தொங்கிய விசிலைக் காட்டி, "ஏதும் அவசரமெண்டால் இதை ஊதச் சொல்லிப் பள்ளிக்கூடத்திலை சொல்லித் தந்தவை" என்றாள். ஊதினோம், மாறி மாறி, வெகு நேரம்.

கடைசியில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு நோர்வேஜியர் எங்கள் வள்ளத்தைத் தன் படகின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். அதிகம் கதைக்காத மனிதர். வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு முன்பக்கம் தடவிப் பார்த்தார். "கட்டுகிற கயிறு எங்கே?" என்று கேட்டார்.

மகள் மரங்களின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய கயிற்றில் மகனின் ஈரக் காற்சட்டை தொங்கியது. அவள் கட்டிய முடிச்சை அவிழ்த்து, உடுப்புக் காயப்போட அந்தக் கயிற்றை எடுத்தது நான். அவிழ்த்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த மனிதரும் விளங்கிக்கொண்டார். தன் படகிலிருந்த வேறொரு கயிற்றால் வள்ளத்தைக் கட்டித் தந்துவிட்டுப் போனார்.

"நான் அவிழ்த்தது உமக்குத் தெரியுமோ?" என்று மகளைக் கேட்டேன்.

"ஓம்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"சொன்னனான். நீங்கள் கத்தேக்கை உங்களுக்கு ஒண்டும் கேக்காது, அம்மா."

பஸ்ஸில் யாருடைய காலையாவது மிதித்தால் நோர்வேஜிய மொழியில் 'உன்ஷில்' என்று சட்டென்று மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். பிள்ளையிடம் தமிழில் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. சின்ன வயதில் என்னிடமும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "அம்மா பிழை விட்டிட்டன், மன்னிச்சுக்கொள்ளும்" என்று ஒருவாறு சொல்லி முடித்தேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, புட்டைத் தாங்கோ" என்றாள்.

நான் திருந்திவிட்டேன் என்று சொன்னால் பொய். இன்றும் கத்துகிறேன். ஆனால் கத்தும்போதெல்லாம், என் கோபம் தணிந்தால் போதும் என்று என் பிள்ளை எவ்வளவு ஆழத்துக்கும் இறங்கிவிடுவாள் என்ற பயம் வந்து என் வாயை மூடிவிடுகிறது.