மண்ணுக்குள் நடந்த சாயம்

எங்கள் வளவில் கிணறும் கக்கூசும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அதை அன்றைக்கு யாரும் குறையாக எண்ணவில்லை. வசதி என்றே எண்ணினார்கள். கழுவத் தண்ணீர் வேண்டும். ஒரு பெண் வாளியைத் தூக்கிக்கொண்டு வளவின் கோடிவரை நடந்தால் எங்கே போகிறாள் என்று பார்க்கிறவருக்கெல்லாம் விளங்கிவிடும். கக்கூசு கிணற்றடியோடு இருந்துவிட்டால் சிரமமுமில்லை, வெட்கமுமில்லை.

மருதமுனையில் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவிலேயே, முதலாவது கக்கூசு அதுதான். எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீட்டைப் பெண்பிள்ளைக்குத்தான் சீதனமாகக் கொடுப்பார்கள். எனக்கு மூத்தவளான ராத்தாவுக்குக் கல்யாணம் பேசி வீட்டைக் கட்டியபோது, கூடவே குழி வெட்டி, அதைச் சுற்றிக் தென்னோலைக் கிடுகு வைத்து மறைத்துக் கொடுத்தார் வாப்பா. அதற்கு முன் பெண்கள் வெளிச்சம் வருவதற்குள் கடற்கரைத் தாழங்காட்டுக்குப் போய்த் திரும்பிவிட வேண்டும். பிந்தி எழும்பினால் பகல் முழுக்க வயிற்றை அடக்கிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். "என்ட மகள் இனி இருட்டுக்குக் காவல் இரிக்கத் தேவல்ல" என்று தறியில் இருந்தபடி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

அந்த வீட்டில் பிறந்த ராத்தாவின் மூத்த பிள்ளை, தண்ணீர் குடிக்கப் பழகிய பருவத்தில் வயிற்றோட்டத்தில் மௌத்தானான். அடக்கம் செய்ய வந்தவர்கள், பல் முளைக்கிற வயிற்றோட்டம் என்றார்கள். அடுத்த பிள்ளையும் ஆண்தான். அவன் தவழ்ந்து, பல்லும் வெள்ளையாகத் தெரியத் தொடங்கியபோது ராத்தாவுக்குக் கைகால் ஓடவில்லை. கஞ்சித் தண்ணீர் கொடுக்க வேண்டிய காலம் வந்தும், தாய்ப்பால் மட்டும் கொடுத்து நாளைத் தள்ளினாள். பிள்ளை மெலிந்துகொண்டு வந்தான். நானோ பிறவியிலேயே பயந்தவள். அவன் இரண்டு தரம் தும்மினால் எனக்கு அன்று சோறு இறங்காது. அவன் நித்திரை கொள்ளும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பேன். "உன்ட விரல் பட்டே புள்ள எழும்பிருவான், தள்ளிப் போ கா அங்கால" என்று உம்மா ஏசுவா.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பெரிய பிள்ளையானதும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் பள்ளிக்கூடம் எங்கள் பின்வேலிக்கு அப்பால்தான். வேலியோரம் நூல் சுற்றிக்கொண்டிருந்தால் வகுப்பு முழுக்கக் காதில் விழும். மட்டக்களப்புப் பக்கமிருந்து புதிதாக வந்திருந்த இளம் டீச்சர் ஒருவர் பிள்ளைகளுக்குச் சுகாதாரம் படிப்பித்தார். படிப்பித்தார் என்றால் பலகையில் எழுதிப் போட்டதல்ல. பள்ளி வளவு மூலையில் குழி வெட்டுவித்து, சந்தையடியில் கிடந்த மீன் குடலையும் செதிளையும் ஓலைப் பெட்டியில் அள்ளிவந்து போடச் செய்து, மேலே மண் மூடுவித்தார். சந்தையடியில் மொய்க்கிற இலையான் குறைகிறதா என்று பிள்ளைகள் தினமும் பார்க்க வேண்டும்.

"கக்கூசுக் குழிக்கு மூடி போடவேணும். போய் வந்தா சாம்பலோ சவுக்காரமோ போட்டுக் கை கழுவவேணும். விளங்கிச்சா?"

"டீச்சர், எங்கட வாப்பா கடற்கரைக்குத்தான் போற. கடலுக்கு எப்பிடி டீச்சர் மூடி போடுற?" என்று ஒரு சிறுமி கேட்டாள். வகுப்பு சிரித்து அடங்கவில்லை. டீச்சரும் சிரித்தது கேட்டது.

அதே சிறுமிதான் இன்னொரு நாள் எங்கள் வீட்டை இழுத்துவிட்டாள். "இந்தப் பின்வீட்டுல கக்கூசு கிணத்தடியிலயே இரிக்கி டீச்சர். நல்ல வசதி. ஓடி ஓடித் தண்ணி அள்ளத் தேவல்ல."

"கிணத்தடியில எண்டா எவ்வளவு கிட்ட?" என்று டீச்சர் கேட்டார். நான் இழுத்த இழுப்பில் சுற்றிய நூல் அறுந்தது.

பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஒரு பட்டாளமாகப் பின்னால் வர, டீச்சர் எங்கள் வாசலுக்கு வந்தார். கிணற்றையும் குழியையும் பார்த்தார். பிறகு வாப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"குறை நினைக்காதீங்க. குழி கிணத்துக்குக் கிட்ட இருக்கு. இது மணல் பூமி. குழியில இருக்கிறது ஊறிக் கிணத்துக்கு வரலாம்."

வாப்பா தறியை விட்டு இறங்கினார். கோபப்படவில்லை. வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளி, வெள்ளை எனாமல் கோப்பையில் ஊற்றி நீட்டினார்.

"டீச்சர், எங்கட மார்க்கத்தில தண்ணிக்கு மூணு சோதினை இரிக்கி. நிறம், மணம், ருசி. நசீசு எண்ட அசுத்தம் விழுந்து இந்த மூணுல ஒண்டு மாறினா, எவ்வளவு தண்ணியா இருந்தாலும் கூடாது. இதப் பாருங்க. என்ன மாறியிரிக்கி? கடலையே குடிக்கிற மண் இது. ஒரு குழியக் குடிக்காதா?"

"நிறம் மாறினா ஒத்துக்கொள்ளுவீங்களா?"

"மாறினா ஒத்துக்கொள்ளாம வேற என்ன செய்ற?"

டீச்சர் முற்றத்தில் வாப்பா நூலுக்குச் சாயம் காய்ச்சும் பானைகளைப் பார்த்தார். "அப்ப உங்கட சாயத்தையே அந்தக் குழியில ஊத்திப் பாப்பமா?"

பிள்ளைகள் 'ஓ' என்றார்கள். வாப்பாவுக்குப் பந்தயம் என்றால் உயிர். இடுப்பில் கட்டுகிற சாறனுக்குப் போடுகிற நல்ல சிவப்பை எடுத்து, வெந்நீரில் கட்டியில்லாமல் கரைத்து, பானையோடு கொண்டுபோய்த் தானே குழியில் கவிழ்த்தார்.

"சாயத்தக் கக்கூசுல ஊத்துற மனிசன இப்பத்தான் காணுறன்" என்று உம்மா தலையில் அடித்துக்கொண்டா. டீச்சர் போகும்போது, சாயம் வருமா என்று அடுப்படிக் குசினி வாசலில் நின்ற நான் கேட்டேன். "எனக்கும் தெரியாது தங்கச்சி. புத்தகத்தில வரும் எண்டிருக்கு" என்றார்.

நாள்தோறும் காலையில் முதல் வாளியைக் கோப்பையில் ஊற்றிப் பார்ப்பது என் வேலையாயிற்று. ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேலிக் கிடுகை விலக்கி, "வந்திட்டா?" என்பார்கள். "வருது, வருது. மட்டக்களப்புல இரிந்து பஸ்ஸில வருது" என்பார் வாப்பா தறியிலிருந்து. பிறகு பிள்ளைகளும் சலித்துவிட்டார்கள். எனக்குத்தான் நிம்மதியில்லை. சாயம் வந்தால் கிணறு போயிற்று, வாப்பாவின் பெருமை போயிற்று. வராவிட்டால் ராத்தா இந்தத் தண்ணீரைத்தான் பிள்ளைக்குக் கொடுப்பாள்; அப்போதும் அது நல்ல தண்ணீர்தானா? எந்தப் பயத்தை நம்புவது என்று எனக்குத் தெரியாது. வரட்டும் என்று ஒரு நேரமும் வரக்கூடாது என்று ஒரு நேரமும் துஆக் கேட்டேன். இரண்டையும் செவியேற்ற ஆண்டவனுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

மாரி தொடங்கியது. கிணற்றில் நீர் ஏறி, குனிந்தால் கைக்கெட்டும் போலாயிற்று.

மழை ஓய்ந்த ஒரு காலை, வாப்பா சுபஹுத் தொழுகைக்குப் போயிருந்தார். வழமைபோலக் கோப்பையில் ஊற்றினேன். சிவப்பில்லை. சிவப்பு என்று சொல்ல முடியாது. பிள்ளையின் நகத்தடியில் தெரியுமே ஒரு நிறம், அது. கண் ஏமாற்றுகிறதோ என்று தாழ்வாரத்து வாளியில் நிறைந்திருந்த மழைத்தண்ணீரை இன்னொரு கோப்பையில் ஊற்றி இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். மழைத்தண்ணீர் வெறும் வெள்ளை. எங்கள் தண்ணீர் இளஞ்சிவப்பு.

எனக்கு மேல் சிலிர்த்தது. பயத்தால் மட்டுமல்ல. நான் நின்ற இடத்தைப் பார்த்தேன். குழிக்கும் கிணற்றுக்கும் நடுவில், ஈர மணலில், என் இரண்டு கால்கள். நாங்கள் பாத்திரம் கழுவியபோதும், ஏசிக்கொண்டபோதும், பிள்ளை தவழ்ந்தபோதும், அந்தச் சாயம் எங்கள் காலடியில், கண்ணில்லாமல், சத்தமில்லாமல், மணலுக்கு மணல் தாண்டி நடந்துகொண்டிருந்திருக்கிறது. மண் என்றால் மூடி வைப்பது என்றிருந்தேன். ஊற்றினால் முடிந்தது, புதைத்தால் மறைந்தது என்றிருந்தேன். அதுவோ உள்ளே ஒரு ஊர்போலப் போக்கும் வரத்துமாக இருந்திருக்கிறது. ஆண்டவன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று ஓதியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதில் ஒரு துளியை எனக்கும் காட்டினான் என்று தோன்றியது.

வாப்பா வந்தார். கோப்பைகளைக் கண்டார். எங்கள் தண்ணீரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். சாயத்தோடு வாழ்ந்தவர். எந்த நிறம், எவ்வளவு கரைந்தால் இப்படி வரும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மோந்து பார்த்தார்.

"மணம் மாறல்ல" என்றார். மழைத்தண்ணீருக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, "நிறம் மாறிட்டு" என்றார்.

ராத்தா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றதை நாங்கள் காணவில்லை.

"வாப்பா, சாயம் வந்த வழியாலதானே மத்ததும் வந்திரிக்கும்?"

வாப்பா கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப மூத்தவனுக்கு..."

வாப்பா கிணற்றுக்கட்டில் குந்திவிட்டார். கையிலிருந்த கோப்பையை மழைத்தண்ணீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். ராத்தாதான் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள்.

பள்ளிக்கூட மணி அடித்ததும் நான் கிடுகை விலக்கி டீச்சரிடம் சொன்னேன். டீச்சரும் பிள்ளைகளும் வந்தார்கள். கூச்சல் போடுவார்கள் என்றிருந்தேன். கோப்பைகளைச் சுற்றிக் குந்தியிருந்து பார்த்தார்கள். கடலுக்கு மூடி கேட்ட அந்தச் சிறுமி மட்டும் மணலில் கையை வைத்து, சூடு பார்ப்பதுபோல அமுக்கி, "டீச்சர், இதுக்குள்ள பாதை இரிக்கா?" என்றாள்.

"இருக்கு. நானும் இப்பத்தான் கண்ணால காணுறன்" என்றார் டீச்சர். அவர் குரலும் பள்ளிக்கூடத்துக் குரலாக இல்லை.

ராத்தா தன் கேள்வியை அவரிடமும் கேட்டாள். டீச்சர் அவள் கையைப் பிடித்தார். "அத இப்ப ஆராலயும் சொல்லேலாது தங்கச்சி. இவனுக்கு என்ன செய்யவேணும் எண்டு சொல்லலாம்."

வாப்பா எழும்பினார். பிள்ளைகளைப் பார்த்து, "மண்ணுக்குள்ள தண்ணி எந்தப் பக்கம் போகும் புள்ளயள்?" என்று கேட்டார்.

"கடலுக்கு!" என்றார்கள் எல்லோரும்.

"அப்ப குழி கிணத்துக்குக் கடல் பக்கமா, வளவுக் கோடியில."

மழை விட்ட முதல் வெயிலில் பழைய குழியைச் சுண்ணாம்பும் சாம்பலும் போட்டுத் தூர்த்து, கீழ்க்கோடியில் புதியதை வெட்டினார். மாரியில் மணல் சரிந்துகொண்டே இருந்தது. மண்வெட்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. கிணறு நிறம் தெளியும்வரை குடிக்கவும் சமைக்கவும் பள்ளிக்கூடத்துக் கிணற்றில் அள்ளினோம். ராத்தா வாளியோடு வளவைக் கடந்து புதிய கக்கூசுக்கு நடக்கும்போது பக்கத்து வேலிக்கு மேலால் வாப்பாவின் பெயர் சொல்லி ஒரு குரல் வரும்: "சுல்தான்ட மகள் ஊர்வலம் போறா கா!"

"ஓம் கா, வாங்களன். உங்கட குழியும் கிணத்தோடதானே கிடக்கு. ஒரு பானை சாயம் தரட்டா?" என்பாள் ராத்தா. அந்தக் குரல் அடங்கிவிடும். அந்த மாரி முடிவதற்குள் இரண்டு மூன்று வீட்டார் வந்து வாப்பாவிடம் சாயம் கேட்டார்கள். சிலர் கேட்காமலே குழியை மாற்றினார்கள்.

பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தது புதிய குழி வெட்டிய கிழமையில். பள்ளிக்கூடத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மூடி வைத்தோம். கரண்டியைப் பிடிக்க ராத்தாவுக்குத் தைரியம் வரவில்லை, என்னிடம் தந்தாள். பயந்தவளிடம் தந்தாளே என்று எனக்கு அழுகை வந்தது. கரண்டித் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. தெளிந்த தண்ணீரை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தவள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். அவனோ எதையும் பார்க்கவில்லை. வாயைத் திறந்தான். விழுங்கிவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டி, கரண்டியைப் பறிக்க எட்டினான்.

"இன்னம் குடு கா" என்றாள் ராத்தா. கொடுத்தேன். அன்று முழுக்கவும் மறுநாளும் வயிற்றோட்டம் தெரிகிறதா என்று அவனுடைய துணியைத்தான் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றுமில்லை. வயல் பக்கம் அறுவடை தொடங்கியபோது அவன் வாப்பாவின் தறிக்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றான். தாகம் வந்தால் "தண்ணி" என்று கத்தவும் பழகியிருந்தான். அவன் கத்தும்போதெல்லாம் வாப்பா தறியை நிறுத்திவிட்டுத் தானே எழும்பிப் போய், அடுப்பில் கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றிவந்து கொடுப்பார். அவன் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பார்.