வானூர்தி நிலையத்தில் ஒலித்த பெயர்

கால் வைத்தால் ஓசையே எழாத கம்பளம். கருகக் கருக வறுத்த காப்பிக்கொட்டையின் நெடி... அமெரிக்காவின் அந்த நடுத்தர நகரத்து வானூர்தி நிலையத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருபவை இவை இரண்டும்தான்.

ஏற்காட்டு மலையில் காப்பிப் பூ மணத்தோடு வளர்ந்தவர்களுக்கு அந்த நெடி ஒத்துக்கொள்ளாது.

"ஏனுங்க, கொட்டயத் தீய உட்டுட்டாங்களாட்ட இருக்குது" என்றாள் என் மனைவி வள்ளி. அந்த ஊரில் அவள் பேசிய முதல் வாக்கியம் அது.

பல ஆண்டுகளுக்கு முன், அங்குள்ள தமிழ்ப் பள்ளியின் பொங்கல் விழாவில் உரையாற்ற என்னை அழைத்திருந்தார்கள். அழைத்தவர் குமார். எங்கள் மலையிலேயே மஞ்சக்குட்டை என்ற ஊரில் பிறந்தவர், அங்கே பணியில் இருந்தார். நாங்கள் வழி தடுமாறக் கூடாதென்று முழு வழிகாட்டியையும் குரல்பதிவாக அனுப்பியிருந்தார். வீட்டில் இருவரும் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டோம்.

"அய்யா, பயப்படாதீங்க. நொம்பப் பெரிய ஏர்போர்ட் இல்லீங்க, நம்ம சேலம் பஸ் ஸ்டாண்டாட்டந்தான். பிளைட்ட உட்டு எறங்குனதும் கூட்டத்தோடயே நடங்க. பெட்டிப் படம் போட்ட போர்டு தெரியும், அதையே புடிச்சுட்டு வாங்க. எஸ்கலேட்டர்ல கீழ வந்தா பெட்டி சுத்திட்டு இருக்கும், நானும் நிப்பேன். ஒண்ணே ஒண்ணுங்க... எஸ்கலேட்டருக்கு முன்னால ஒரு கதவு வரும். அதத் தாண்டிட்டா மறுக்கா உள்ள உடமாட்டாங்க."

அருமையான வழிகாட்டி. அப்படியொரு நிலையத்தில் முதன்முறை இறங்கப் போகும் நண்பர்களுக்கு இன்றும் நான் சொல்வது இதைத்தான்.

ஆனால் மலைக்காரனின் பழக்கம் எந்த வழிகாட்டியையும் விட வலியது!

எங்கள் மலையில் ஒரு பேருந்தை விட்டால் அடுத்தது எப்போதென்று எவருக்கும் தெரியாது. ஆகவே குடும்பத்தில் ஒருவர் முன்னால் ஓடி, படியில் ஒரு காலை ஊன்றி, "இந்தா வந்துட்டாங்க, இந்தா வந்துட்டாங்க" என்று வண்டியை நிறுத்தி வைப்பார். மற்றவர்கள் மூட்டைகளோடு பின்னால் வருவார்கள்.

வள்ளி கழிவறைக்குள் நுழைந்த நேரம் குமார் கைபேசியில் அழைத்தார். வாசலில் காரை நெடுநேரம் நிறுத்த விடமாட்டார்கள் என்றார். அவ்வளவுதான்...

"நான் முன்னால போயி வண்டிய நிறுத்தி வெக்கறேன். நீ கூட்டத்தோடயே வந்துரு" என்று வெளியிலிருந்தே சொல்லிவிட்டு ஓடினேன்.

கதவைத் தாண்டினேன். கூட்டமும் தாண்டியது. வள்ளி வரவில்லை.

திரும்பி நடந்தேன். சீருடை அணிந்த காவல் அம்மையார் உள்ளங்கையைக் காட்டி மறித்தார். மேடையில் மணிக்கணக்கில் முழங்கிய நாவுக்கு, "என் மனைவி உள்ளே இருக்கிறாள்" என்று ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை.

அப்போதுதான் உறைத்தது. அவளிடம் கைபேசி இல்லை. ஆங்கிலமும் தெரியாது. உள்ளேயோ வேறு வேறு ஊர்களுக்குப் போகும் வேறு வேறு கூட்டங்கள்! எந்தக் கூட்டத்தோடு எந்தக் கோடிக்கு நடந்துகொண்டிருக்கிறாளோ...

என் முகத்தைக் கண்டதும் கீழிருந்து குமார் ஓடி வந்தார். அம்மையாரிடம் விவரம் சொன்னார். ஒலிபெருக்கியில் அழைக்கலாம் என்றார்கள். பெயரை எழுதிக் கொடுத்தோம்.

"வேலி... வேலி..." என்றது ஒலிபெருக்கி.

"ஏனுங்கய்யா, எங்கயோ வேலி கட்டறாங்கன்னு அக்கா நின்னு பாத்துட்டு இருப்பாங்க" என்றார் குமார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் பக்கத்தில் மனைவியைப் பலர் நடுவே பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் கிடையாது. 'இந்தா', 'ஏ புள்ள'... இவ்வளவே. எத்தனையோ பேரின் பெயர்களை மேடைதோறும் முழங்கியவன் நான். அவள் பெயரை ஒருமுறையும் உரக்கச் சொன்னதில்லை.

அன்று சொன்னேன். ஒலிவாங்கி இல்லாமல், அடிவயிற்றிலிருந்து...

"வள்ளீ...!"

அந்த அமைதியான மண்டபமே திரும்பிப் பார்த்தது. அம்மையார் இரண்டடி பின்வாங்கினார்.

உள்ளே, வளைவுக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. "ஏனுங்க... இங்கயேதான் நிக்கறேன். கத்தாதீங்க, வர்றேன்!"

கழிவறை வாசலை விட்டு ஓர் அடிகூட அவள் நகரவில்லை. காரில் ஏறியதும் என்னை ஒரு பிடி பிடித்தாள்.

"காப்பித் தோட்டத்துல பனி மூடுனா என்ன பண்ணுவோம்? தவறுனவங்க நின்ன எடத்துலயே நிக்கோணும், தேடறவங்க கொரல் குடுக்கோணும். நம்ம மலையில கொட்டச்சேட்டு ஊருல காப்பிப் பழம் பறிக்கற சின்னப் புள்ளைக்கும் தெரியும். உங்களுக்குக் கொரல் குடுக்க இத்தன நேரமா?"

"மைக்குல கூப்பிட்டாங்களே அக்கா?" என்றார் குமார்.

"அது யாரையோ கூப்புட்டுச்சு கண்ணு."

பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "எம் பேரு இவ்வளவு நீளம்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

அன்று மாலை என் உரைக்குப் பெரிய கைதட்டல். என்ன பேசினேன் என்பது நினைவில்லை.

அண்மையில் மீண்டும் அதே நிலையத்தில் இறங்கினோம். இப்போது எல்லாம் கைபேசிக்குள். எந்தச் சுழலும் பட்டையில் பெட்டி வருகிறது, எந்த வாசலில் வண்டி நிற்கிறது, நாம் நிற்கும் இடம் எது... எல்லாவற்றையும் அதுவே காட்டுகிறது. வழி தவறுவதற்கே வழியில்லை. வள்ளி முன்னால் நடந்தாள், நான் பின்னால்.

அதே கதவுக்கு முன் நின்றேன். அவள் அதைத் தாண்டி நகரும் படிக்கட்டில் இறங்கத் தொடங்கியிருந்தாள். காதில் கருவி, மகளோடு பேச்சு.

"வள்ளீ" என்றேன். காரணம் ஒன்றுமில்லை.

முன்னால் போன இளைஞர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவளுக்குக் கேட்கவில்லை.

சற்று நேரத்தில் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது.

'எங்க நிக்கறீங்க? பெட்டி வந்துருச்சு.'

வருகிறேன் என்று எழுதி அனுப்பினேன்.