துளசி போட்ட லெமன் க்ரீம்

நேற்று மத்தியானம் போனில் ஒரு வீடியோ வந்தது. யாரோ ஒரு பெண். நகம் வளர்த்த கை மட்டும் தெரிகிறது, முகம் இல்லை. க்ரீமில் சர்க்கரையைப் போட்டுக் காய்ச்சுகிறாள், இறக்கி வைக்கிறாள், எலுமிச்சம்பழம் பிழிகிறாள், கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைக்கிறாள். கடைசியில் மேலே ஒரு புதினா இலை. அந்தப் புதினா இலையைப் பார்த்ததும் "தப்பு" என்று வாய்விட்டுச் சொன்னேன். வீட்டில் வேறு யாரும் இல்லை.

அக்கா போன மாதம் போய்விட்டாள். ஒரு புதன்கிழமை காலை எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். ஸ்ரீரங்கத்தில் இந்த ஃப்ளாட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான் இருந்தோம். இருவருக்குமே கல்யாணம் கூடிவரவில்லை. அதற்காக வருத்தப்பட்டவர்களெல்லாம் அவளுக்கு முன்னமே போய்விட்டார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அழுதார்கள், நான் அவர்களுக்கு ஃபேனைப் போட்டுவிட்டேன். காரியமெல்லாம் வாத்தியார் சொன்னபடி செய்தேன். எனக்கு மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பஸ்ஸில் காலை மடக்கி உட்கார்ந்து வந்தால் மரத்துப்போகுமே, அப்படி இருக்கிறது. கிள்ளினால் கிள்ளுவது தெரிகிறது, வலிக்கவில்லை. இது எப்போது விடும் என்று தெரியவில்லை. விடவே விடாதோ என்றுகூட சில சமயம் பயமாக இருக்கிறது.

சரி, புதினாவுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் லெமன் க்ரீமின் மேல் துளசிதான் இருக்கும். உலகத்தில் வேறு எங்காவது இப்படி உண்டா என்று எனக்குத் தெரியாது, இருக்க நியாயமில்லை. அது எப்படி வந்தது என்றால், அப்பாவில் ஆரம்பிக்க வேண்டும்.

அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆபீஸில் வேலை. பெருமாளுக்குக் கண்டருளப்பண்ணாத, அதாவது நைவேத்தியம் ஆகாத எதையும் வாயில் வைக்க மாட்டார். சர்வீஸ் முழுக்க வீட்டுத் தளிகையைத் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு போனார். ஆபீசில் யாராவது ரிட்டையர் ஆனால் அப்பாவுக்குக் கொடுத்த லட்டு எங்கள் வீட்டுக்குத்தான் வந்து சேரும். அதையும் பெருமாள் முன்னால் வைக்க முடியாது என்பதால் அக்காவும் நானும் வாசலிலேயே நின்று தின்றுவிடுவோம். அப்பா பார்த்தும் பார்க்காததுபோல உள்ளே போவார். அந்த மட்டில் நல்ல மனுஷர்.

அவருக்கு ரிட்டையர் ஆக இரண்டு வருஷம் இருக்கும்போது பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சு போயிற்று. அதைவிட மோசம், முழுங்க முடியாமல் போயிற்று. தண்ணீர் கொடுத்தால் புரை ஏறி முகம் கறுத்துவிடும். ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக ட்யூப் போட்டிருந்தார்கள். அதை அப்பா இடது கையால் இரண்டு தடவை பிடுங்கி எறிந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"தண்ணியா எதுவும் குடுக்காதீங்க, நுரையீரலுக்குப் போயிடும். கெட்டியா, வழவழன்னு, கட்டியில்லாம குடுங்க. ஜில்லுனு கொஞ்சம் புளிப்பா இருந்தா தொண்டைக்கு முழுங்கற நெனப்பு வரும். ஒரு வாரம் பாப்போம். இறங்கலைன்னா மறுபடி ட்யூப்தான்."

அம்மா சாதத்தைக் குழைத்துப் பார்த்தாள், கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சிப் பார்த்தாள், வாழைப்பழத்தை மசித்துப் பார்த்தாள். ஒவ்வொரு வாய்க்கும் இருமல். மூன்றாம் நாள் அப்பா ஸ்பூனைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொண்டார். நான் அப்போதுதான் மன்னார்புரத்தில் ஒரு டிராக்டர் உதிரிபாகக் கடையில் பில் போடுகிற வேலையில் சேர்ந்திருந்தேன். பிஸ்டன் ரிங்குக்குப் பில் கேட்டால் ஃபேன் பெல்ட்டுக்குப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவுக்கு முடியவில்லை என்று அவருக்குத் தெரியும்.

அந்த வாரம்தான் மார்கரெட் ஆன்ட்டி வந்தார். அப்பாவின் செக்‌ஷனில் டைப்பிஸ்ட், பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார். பூப்போட்ட கவுன், ஆண்பிள்ளை வாட்ச், காவிரிப் பாலம் தாண்டி மொபெட்டிலேயே வந்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு எதுவும் கொண்டுவர முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

"நான் செஞ்சு கொண்டாந்தா சார் சாப்பிட மாட்டாரு. அதான் வெறுங்கையோட வந்தேன். எங்க மாமியாருக்கு இதே மாதிரி வந்தப்ப லெமன் க்ரீம் ஒண்ணுதான் இறங்குச்சு. சொல்றேன், கேட்டுக்கம்மா" என்று அக்காவிடம் சொன்னார். ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டார். போகும்போது அப்பாவின் இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அக்கா பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். எதையும் செய்து பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. க்ரீம் என்றால் நல்ல பால்தானே என்று எருமைப் பாலைக் காய்ச்சி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். பால் பொலபொலவென்று திரிந்தது. அதுவும் வெள்ளிக்கிழமை. அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"ஏண்டி, பால்ல யாராவது எலுமிச்சம்பழத்தப் பிழிவாளா? ஆத்துல மனுஷா இருக்கற இருப்புல நீ பாலத் திரிக்கறே!"

மறுநாள் அக்காவுக்கு வேறு யோசனை. க்ரீம் என்றால் ஆடை. வீட்டில்தான் ஆடை இருக்கிறதே! தினமும் பாலாடையை எடுத்து ஒரு கல்சட்டியில் சேர்த்து, சனிக்கிழமை சனிக்கிழமை அம்மா வெண்ணெய் கடைவாள். அந்தச் சட்டியை அப்படியே எடுத்து வாணலியில் கவிழ்த்து, சர்க்கரையைக் கொட்டி அடுப்பில் ஏற்றினாள். ஆடை புளிக்க வேண்டும் என்று அம்மா முதல் நாளே அதில் ஒரு ஸ்பூன் தயிர் விட்டு வைப்பாள் என்பது எங்கள் கெமிஸ்ட்ரி டீச்சருக்கு மறந்துபோயிற்று. கொஞ்ச நேரத்தில் வீடெல்லாம் நெய் வாசனை. வாணலியில் மேலே நெய், கீழே இனிப்பாக ஒரு கசடு. எலுமிச்சம்பழத்துக்கு வேலையே வரவில்லை. நான் சிரித்துவிட்டேன். அக்கா கரண்டியை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். வாரத்தில் இன்னும் இரண்டு நாள்தான் பாக்கி இருந்தது. கசடை நான்தான் தின்றேன், நன்றாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை மன்னார்புரத்தில் எங்கள் கடைக்கு எதிரே இருந்த பேக்கரியில் கேட்டேன். கேக்குக்காக வாங்கி வைத்திருந்த க்ரீமில் அரை லிட்டர் கொடுத்தார்கள். அதை ஃப்ளாஸ்கில் ஊற்றி, சுற்றிலும் ஈரத் துணி கட்டி, அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பேக்கரி க்ரீம் ஆத்துக்குள் வரலாமா என்று ஒரு சின்ன விசாரணை நடந்தது. "பாக்கெட் பால் வாங்கறோமோல்லியோ, அதுமாதிரிதான்" என்று அம்மாவே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். அவளுக்கும் நாள் எண்ணிக்கை தெரியும்.

இந்தத் தடவை அக்கா பக்கத்திலேயே நின்றாள். க்ரீமும் சர்க்கரையும் சின்னத் தீயில் மெள்ளக் கொதித்தன. இறக்கிக் கொஞ்சம் ஆறவிட்டு நாலு பழத்தின் சாற்றை வடிகட்டி ஊற்றினாள். நாங்கள் மூன்று பேரும் வாணலிக்குள் எட்டிப் பார்த்தோம். திரியவில்லை. கரண்டியில் லேசாக ஒட்டிக்கொண்டு வழவழவென்று இருந்தது. "கொழுப்பு நெறய இருக்கோல்லியோ, அதான் பிரியலை" என்றாள் அக்கா, வகுப்பில் சொல்வதுபோல. கிண்ணங்களில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தாள். கதவைச் சாத்திய அடுத்த நிமிஷம் கரண்ட் போயிற்று.

அந்தக் காலத்துக் கரண்ட் கட் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். போனால் இரண்டு மணி நேரம். அக்கா ஒரு நாற்காலியை இழுத்து ஃப்ரிட்ஜ் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டாள். உள்ளே இருக்கிற குளிர் போய்விடக் கூடாதாம். நான் ஒரு தரம் உறைந்ததா என்று பார்க்கப் போனேன்.

"கதவத் திறக்காதடா! உறையட்டும்."

"ஒரு தடவ பாத்தா என்ன ஆயிடும்?"

"ஆயிடும். போடா அந்தண்ட."

சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்கு அவளே எழுந்து திறந்தாள். கிண்ணத்தைச் சாய்த்தால் நகரவில்லை. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. இதைப் பெருமாளுக்குக் கண்டருளப்பண்ணலாமா? திரிந்த பால் சம்பந்தப்பட்ட எதையும் எங்கள் வீட்டில் பெருமாள் முன்னால் வைக்கிற வழக்கமில்லை. வைக்காததை அப்பா சாப்பிட மாட்டார். அம்மா கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். "திரியலைம்மா" என்றாள் அக்கா, கெஞ்சுகிற குரலில். அம்மா அதை வெள்ளி வட்டிலுக்கு மாற்றினாள். காலையில் பறித்து வைத்திருந்த துளசியில் ஓர் இலையை அதன் நடுவில் வைத்து, உள்ளே போய்ப் பெருமாள் முன்னால் வைத்துத் திரையைப் போட்டாள்.

அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். அக்கா இலையை எடுத்துவிட்டு ஸ்பூனை நீட்டினாள். அப்பா வாயை மூடிக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வை என்ன கேட்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"பெருமாள் அமுது செஞ்சாச்சு. சாப்பிடுங்கோ" என்றாள் அம்மா.

வாயைத் திறந்தார். உதட்டில் புளிப்பு பட்டதும் முகத்தைச் சுளித்தார். பிறகு அவருடைய கழுத்தில் குரல்வளை மேலே ஏறி இறங்கியது. இருமலுக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. அப்பா இரண்டாவது ஸ்பூனுக்கு அவராகவே வாயைத் திறந்தார். அக்கா வட்டில் முழுக்க ஊட்டி முடித்தாள். நான் கொல்லைப்பக்கம் போய் ஓவென்று அழுதேன். அப்போதெல்லாம் எனக்கு எதற்கெடுத்தாலும் அழுகை வரும்.

அதற்கப்புறம் ட்யூப் தேவைப்படவில்லை. லெமன் க்ரீமில் ஆரம்பித்து, கெட்டித் தயிர், குழைந்த சாதம் என்று மெள்ள மெள்ள ஏறி, அப்பா இன்னும் மூன்று கோடைகாலம் இருந்தார். அவர் போன பிறகும் அக்கா ஒவ்வொரு கோடையிலும் செய்தாள். ஒவ்வொரு தடவையும் துளசி. ஒவ்வொரு தடவையும் அந்தச் சண்டையும். கதவைத் திறந்தால் உறையாது என்பாள் அவள். கரண்ட் இருக்கும்போது திறந்தால் ஒன்றும் ஆகாது என்பேன் நான். அவள் என்னை நிரூபிக்க விட்டதேயில்லை. ஃப்ரிட்ஜ் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் திருத்துவாள். ரிட்டையர் ஆன பிறகு பேப்பரும் இல்லை, சும்மா உட்கார்ந்திருப்பாள். தலை நரைத்த தம்பியை "போடா அந்தண்ட" என்பாள்.

இன்று காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் பால்கனித் தொட்டியில் துளசி பறித்து வைத்துக்கொண்டேன். கீழே கடையில் க்ரீம் டப்பாவில் கிடைக்கிறது, ஃப்ளாஸ்கும் வேண்டாம் பஸ்ஸும் வேண்டாம். மன்னார்புரத்து பேக்கரி இப்போது இல்லை, எங்கள் டிராக்டர் கடையும் இல்லை. மார்கரெட் ஆன்ட்டி மகனோடு பெங்களூர் போனார். கொஞ்ச நாள் கிறிஸ்துமஸுக்குப் போன் வந்தது, பிறகு வரவில்லை. அம்மாவின் கல்சட்டி வீடு மாறும்போது உடைந்தது. கரண்ட் கட்கூட அபூர்வமாகிவிட்டது. இதையெல்லாம் நினைத்துக்கொண்டே க்ரீமைக் கிளறினேன். ஒன்றும் தோன்றவில்லை. பழம் பிழிந்தேன், வடிகட்டினேன், இரண்டு கிண்ணங்களில் ஊற்றினேன். ஊற்றிய பிறகுதான் ஏன் இரண்டு என்று பார்த்தேன்.

ஃப்ரிட்ஜில் வைத்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லை. போய்த் திறந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். அப்புறம் சும்மா சும்மா திறந்தேன். திறந்து வைத்துக்கொண்டே நின்றேன். புது ஃப்ரிட்ஜ், ரொம்ப நேரம் திறந்திருந்தால் அதுவே கத்துகிறது. கத்தவிட்டு மூடுவேன், மறுபடியும் திறப்பேன்.

சாயங்காலம் கிண்ணத்தை எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன். நகரவில்லை. அத்தனை தடவை திறந்தும் அழகாக உறைந்திருந்தது. துளசி வைத்து, பெருமாளுக்குக் காட்டி, இலையை எடுத்துவிட்டு ஒரு ஸ்பூன் வாயில் போட்டேன். அதே புளிப்பு. இத்தனை வருஷத்துச் சண்டையில் நான் சொன்னதுதான் சரி. "பாத்தியா, திறந்தா ஒண்ணும் ஆகலை" என்று சொல்ல, அக்கா வழக்கமாக நாற்காலி போடுகிற பக்கம் திரும்பினேன்.

வாயில் இருந்ததை என்னால் முழுங்க முடியவில்லை.